பினாங்கில் ஒரு வெஞ்சனம்

பினாங்கு சுற்றுலாவுக்காக நானும் மனைவியும் திண்டுக்கல்லில் இருந்து கிளம்பி, வேளச்சேரியில் மகன் வீட்டில் ஒரு நாள் தங்கி, விமான நிலையத்தில் குழுவோடு சேர்ந்துகொண்டோம். எங்களைத் தவிர எல்லோரும் சென்னைக்காரர்கள். வரிசையில் நின்று கால் வலிக்கிறது என்றாள் மனைவி. "செத்த நேரம் உக்காரு" என்றேன். கொஞ்ச நேரம் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முன்னால் நின்ற வங்கி அதிகாரியம்மா திரும்பினார்.

"என்ன சார், செத்த நேரமா? பிளேன் ஏறும்போது நல்ல வார்த்தையா சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எந்த ஊர் என்று அந்தம்மா கேட்டபோது, "வேளச்சேரி" என்றேன். முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதை மட்டும் மறைக்கவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பேசாம வா" என்றேன்.

பினாங்கில் ஒரே தெருவில் பள்ளிவாசல், சீனக் கோயில், மாரியம்மன் கோயில் எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு சர்ச். அங்கே நின்று மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். பூக்கடைத் தமிழர் ஒரு சீனப் பெண்ணிடம் மலாயில் பேரம் பேசினார். அவள் தமிழில் "வேணாம், வேணாம்" என்றாள். அத்தனை பாஷை புழங்குகிற தெருவில் நான் ஒருத்தன்தான் என் பேச்சை ஒளித்துக்கொண்டு நடந்தேன்.

மத்தியானம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா கடையை நடத்திக்கொண்டிருந்தார். சோற்றை வைத்துவிட்டு, "வெஞ்சனம் என்ன வைக்கட்டும்?" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, காய் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதான் பேர். சென்னைக்காரர்களுக்குப் புரியவில்லை. வெஞ்சனமா, அப்படி என்றால் என்ன என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்த அம்மாவும் கூச்சத்தோடு சிரித்தார். "செத்துப்போன எங்கப்பா சொல்லிட்டிருந்த வார்த்தை. அவங்க பூர்வீகம் திண்டுக்கல் பக்கம், ஆத்தூர். நான் போனதில்ல. இங்க வேற யாரும் இப்படிச் சொல்றதில்ல. தாத்தா சும்மா இட்டுக்கட்டின வார்த்தைன்னு என் பொண்ணு கேலி பண்ணுவா. ஊர்ல இருந்து வர்றவங்க யாருகிட்டயாவது கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன்."

"இவரக் கேளுங்க" என்று வங்கி அம்மா என்னைக் காட்டினார். "தமிழ் வாத்தியார்."

கடைக்கார அம்மா கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். முகத்தில் அவ்வளவு ஆவல். ஆத்தூர் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். வியஞ்சனம் என்பதுதான் வெஞ்சனம் ஆனது என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது ஆமாம் என்றால் அடுத்த கேள்வி என் ஊரைப் பற்றித்தான் வரும். மிச்சம் மூன்று நாளும் செத்த நேரம், செத்த நேரம் என்று என்னை ஓட்டித் தீர்த்துவிடுவார்கள்.

"அப்படி ஒரு வார்த்தை இல்லம்மா" என்றேன். "காய்னுதான் சொல்லணும்."

"அப்படியா" என்றார். எனக்குக் கூடுதலாகவே கூட்டு வைத்தார். வாத்தியார் என்ற மரியாதை. அதைத் தின்னவும் முடியவில்லை, இலையில் விடவும் முடியவில்லை. என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

கை கழுவுகிற இடத்தில் மனைவி மெதுவாகச் சொன்னாள். "பாவம்ங்க. செத்துப்போன மனுசனப் பொய்யனாக்கிட்டீங்க. நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?"

"எல்லாரும் பஸ் ஏறியாச்சு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அப்போது வாசல் மேசையில் ஒரு சீனர் வந்து உட்கார்ந்தார். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர் போல. தட்டை முன்னால் தள்ளி, "அக்கா, வெஞ்சனம்" என்றார்.

எங்கள் வீட்டுச் சொல் அவர் வாயில் சுத்தமாக வந்தது.

"வெஞ்சனம் இல்லப்பா" என்றார் அந்த அம்மா. "நான்தான் உனக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். காய். எங்க, சொல்லு."

"காய்" என்றார் அவர்.

மனைவி என் கையை உதறினாள். நான் விடாமல் அவளை பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.