இந்த எஞ்சின் இழுக்குமா?

நான் அந்த வண்டியை வாங்கியதற்குக் காரணம் என் மணிக்கட்டு. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டு வைத்தியம் பார்க்கிறவள் நான். பத்து வருடமாக ஸ்கூட்டரில்தான் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு மழை நாளில் தாடிக்கொம்புப் பக்கம் வயல் பாதையில் சறுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்குள் தோள்வரை கையை விட்டு வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் கை போனால் தொழிலே போனது மாதிரி. கட்டுப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இனி நாலு சக்கரம்தான் என்று முடிவெடுத்தேன்.

கை சரியானதும் பழைய வண்டி ஒன்றை வாங்கினேன். ஜீப் மாதிரி உயரமானது, ஆனால் நீளம் குறைவு. நாலு சக்கரத்துக்கும் விசை போகும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி உண்டு. அதைப் போட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், இழுப்பு கூடும். எஞ்சின் மட்டும் சிறியது. ஊருக்குள் ஓடுகிற சாதாரணக் காருக்கு வைக்கிற அளவுதான்.

அடுத்த தெருவில் இருக்கும் என் அண்ணனை வரச்சொல்லிக் காட்டினேன். அவர் இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே எத்தனையோ மலைகளை ஏறி இறங்கியவர். போன வருடம் நெஞ்சில் அறுவைச் சிகிச்சை ஆனது. கனமான வண்டி ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். காலையில் செய்தித்தாளை இரண்டு தடவை படிப்பார். பிறகு வாசலில் நின்று போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் பானெட்டைத் திறந்து செத்த நேரம் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா?” என்றார்.

“நம்ம ரோட்டுக்கு இது போதும்ணே.”

“பாப்பா, ஒடம்பப் பாத்தா எருமை மாதிரி இருக்கு, உள்ள இருக்கறது ஆட்டுக்குட்டி. இது எப்படி இழுக்கும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருக்கக் கூடாதா?”

கேட்டிருக்கலாம்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரை எதற்கும் அலைக்கழிக்க வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் பழகிவிட்டிருந்தோம். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சிறுமலைக்குப் போனோம். அண்ணன், அண்ணி, அண்ணியின் தங்கை, நான். எடுத்த எடுப்பில் வண்டி நன்றாகத்தான் போனது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் கத்தியது, மூன்றாவதில் நின்றுவிடுமோ என்று பயமுறுத்தியது. பின்னால் மலைக்குப் போகும் பஸ் வந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“ஏசிய அமத்து,” என்றார் அண்ணன்.

அமர்த்தினேன். கொஞ்சம் தேவலை.

“இப்ப நான் எறங்கிக்கிறேன். இன்னும் லேசாயிரும்.”

அண்ணி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், ஆனால் முகம் சூடாகிவிட்டது. ஓர் அகலமான இடத்தில் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழி விட்டேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மேலே போய் மலைவாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பும்வரை எனக்கு அந்த எஞ்சின் சத்தம் காதிலேயே இருந்தது. தப்பான வண்டியை வாங்கிவிட்டேனோ என்று இரண்டு வாரம் யோசித்தேன். விற்றுவிடலாமா என்று ஒருவரிடம் விசாரிக்கக்கூடச் செய்தேன்.

அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. ஆத்தூர்ப் பக்கம், தோப்புகளைத் தாண்டி, இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிற ஒரு அம்மா. புருஷன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாவின் மாடுகளுக்கு நான்தான் வழக்கமாக வைத்தியம் பார்ப்பேன்.

“டாக்டரம்மா, விடியறதுக்கு முன்னாடி பிடிச்சு மாடு முக்கிக்கிட்டே கெடக்கு. ஒரு காலு மட்டுந்தேன் வெளிய தெரியுது. இன்னொன்னக் காணோம். வந்துருங்க தாயி.”

“பாதை எப்படிம்மா இருக்கு?”

“ஓடையில தண்ணி போகுது. முழங்காலுக்குக் கீழதேன். சேறுதான் கெட்ட சேறு. பால்வண்டி வரமாட்டேன்னு போயிருச்சு.”

அடுத்த தெருவைக் கடக்கும்போது அண்ணன் தன் வீட்டு வாசலில் நின்றார். எங்கே போகிறேன் என்று சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டார். “இத நம்பி உன்னை ஓடைக்குள்ள தனியா விடச் சொல்றியா?” என்றார். அண்ணி மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் ஜன்னல் வழியாக என் கையில் திணித்தாள்.

செம்பட்டி வரைக்கும் தார் ரோடு. அதற்கப்புறம் சின்ன ரோடு, அதற்கப்புறம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே மண் பாதை. ஓடைக்கு முன்னால் அண்ணன், “நான் எடுக்கிறேன், நீ நகரு,” என்றார். கார் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கேட்ட விதத்தில் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. இடம் மாறினோம்.

அவர் லாரிக்காரர். ஆழத்தைக் கண்டால் வேகத்தைக் கூட்டி ஒரே மூச்சில் கடந்து பழகியவர். தண்ணீரைக் கடந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கரையில் ஏறும்போது சேற்றில் முன்சக்கரம் புதைந்தது. அவர் இன்னும் அழுத்தினார். சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததுதான் மிச்சம். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது.

“நான் சொன்னேன்ல?” என்றார். குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வண்டிக்குப் பின்னால் போய்த் தோளை முட்டுக் கொடுத்தார்.

“அண்ணே, தள்ளாத!”

“நீ ஸ்டார்ட் பண்ணு.”

“அண்ணே, கையை எடு. எடுன்னு சொல்றேன்ல!” நான் கத்திய கத்தலில் எனக்கே பயம் வந்தது. சேற்றில் இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்தேன். மழைத் தண்ணீரும் வியர்வையும் அவர் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சு இரைத்தது.

“ஒரு காலத்துல பன்னெண்டு டன்னு லோடு லாரிய இதவிட மோசமான எடத்துலருந்து எடுத்திருக்கேன், பாப்பா,” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“தெரியும்ணே. அது எனக்குத் தெரியாதா? நீ அந்தத் தென்னை மட்டைய மட்டும் இழுத்துப் போடு. தூக்க வேண்டாம். இழுத்தாப் போதும்.”

தோப்பு ஓரத்தில் விழுந்துகிடந்த காய்ந்த மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். நான் முன்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கையாலேயே சேற்றை வழித்தேன். மட்டைகளை அடியில் சொருகினோம். நான் ஏறி, அந்தச் சின்னக் கம்பியைக் கீழே தள்ளினேன். முதல் கியர். ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவே இல்லை. கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி நின்ற இடத்திலேயே ஒரு நொடி நடுங்கியது. பிறகு மட்டை முறிகிற சத்தம் கேட்டது. நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைப் பிடித்துக்கொண்டன. நடந்து போகிறவனைவிட மெதுவாக, ஒரு சாண் ஒரு சாணாக மேலே ஏறியது. சிறுமலையில் கத்திய கத்தல் இப்போது இல்லை. அமைதியாகத்தான் ஏறியது.

மேட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் மட்டைகளுக்கு நடுவில் நின்று, வண்டி போன தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்தவர், “அந்தக் குட்டிக் கம்பிய நான் போடவே இல்ல,” என்று மட்டும் சொன்னார்.

மாடு கொட்டகையில் படுத்துக்கிடந்தது. கண் சொருகியிருந்தது. கையைக் கழுவி, எண்ணெய் தடவி உள்ளே விட்டேன். கன்றின் தலை நேராக இருந்தது. ஒரு முன்னங்கால் மடங்கிப் பின்னால் போயிருந்தது. கன்றின் வாய்க்குள் விரலை வைத்தேன். உயிர் இருந்தால் சப்பும். சப்பவில்லை. மறுபடி வைத்துப் பார்த்தேன்.

“கன்னு தங்காதும்மா,” என்றேன். “தாயக் காப்பாத்திரலாம்.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, “என்ன செய்யணும், சொல்லுங்க,” என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டேன். கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, குளம்பு உள்ளே கிழித்துவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மடங்கிய காலை நிமிர்த்த வேண்டும். அரைமணி நேரம் ஆயிற்று. மணிக்கட்டில் பழைய இடத்தில் வலி எடுத்தது. கால் நிமிர்ந்ததும் இரண்டு கால்களிலும் கயிற்றை மாட்டினேன். அண்ணன் கயிற்றை வாங்கக் கையை நீட்டினார்.

“வேண்டாம்ணே. நீ தலைப் பக்கம் உக்காரு. அது திமிறாமப் பாத்துக்க.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு போய் வைக்கோல் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து மாட்டின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டார். உதவிக்கு வந்திருந்த பக்கத்துத் தோப்புக்காரரும் அந்த அம்மாவும் கயிற்றைப் பிடித்தார்கள். மாடு முக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னேன், அது ஓயும்போது விட்டுவிடச் சொன்னேன். அண்ணன் மாட்டின் காதடியைத் தடவிக்கொண்டே, “ஆச்சுத்தா, ஆச்சு, இந்தா முடிஞ்சுபோச்சு,” என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கன்று வந்தது. கிடேரி, பெண் கன்று. அந்த அம்மா அதைத் துணி போட்டு மூடினார். மாட்டுக்கு மருந்து ஏற்றி முடித்து நான் கைகழுவ எழுந்தபோதும் அண்ணன் நகரவில்லை. மாடு தானாகத் தலையைத் தூக்கிய பிறகுதான் எழுந்தார். கால் மரத்துப்போய் நொண்டினார். அந்த அம்மா, “தாயி பொழச்சிருச்சே, அம்புட்டுப் போதும்யா,” என்று அவரிடம்தான் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது ஓடையில் நான்தான் வண்டியை ஓட்டினேன். அண்ணன் குனிந்து அந்தக் குட்டிக் கம்பியையே கவனித்துக்கொண்டிருந்தார். தார் ரோட்டுக்கு வந்ததும் ஒரு காய்கறி லாரி எங்களை முந்திப் போனது. “ரோட்டுல இது எவனையும் முந்தாது பாப்பா, அதுல நான் சொன்னது சரிதான்,” என்றார். சரிதான். இப்போதும் சிறுமலைக்குப் போனால் ஏசியை அமர்த்திவிட்டு, பஸ் வந்தால் ஒதுங்கித்தான் போகிறேன். வண்டியை விற்கிற பேச்சை மட்டும் அதற்கப்புறம் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மாட்டைப் பார்க்கக் கிளம்பியபோது, நான் கூப்பிடாமலேயே அண்ணன் குளித்துத் தயாராக நின்றார். மாடு எழுந்து தீவனம் தின்றுகொண்டிருந்தது. அடுத்த வாரம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் வயிறு உப்பிய மாடு; அதற்கும் வந்தார். இப்போது வாரத்தில் மூன்று நாள் வருகிறார். மருந்துப்பெட்டியை நான் தூக்குவேன், மாட்டின் தலையை அவர் பிடிப்பார். ஊர்களில் அவரைக் கம்பவுண்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ஒருவர், “கம்பவுண்டரய்யா, எங்க ஆட்டுக்கும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க,” என்றார். நான் திருத்தப் போனேன். அதற்குள் அண்ணன், “எங்க, கூட்டிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.