கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர்

கே.கே. நகரில் ஸ்கேனும் லேபும் சேர்ந்த எங்கள் சென்டரில் நாகஜோதி பெயர் கூப்பிடுகிறவள், நான் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். ஆறு வருடமாகப் பக்கத்து நாற்காலி. அவள் பையில் மடித்து வைத்திருக்கும் பழைய ரிப்போர்ட் எனக்கு மனப்பாடம். கர்ப்பப்பைக்குப் பின்னால் சிறிதளவு நீர், ஃப்ளூயிட், என்று அதில் இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் அவள் குடும்பத்தைக் கலைத்தது.

கல்யாணமாகி மூன்று வருடமாகப் பிள்ளை இல்லையென்று உசிலம்பட்டியில் எடுத்த ஸ்கேன் அது. டாக்டரிடம் காட்டும் முன்பே மருந்துக்கடைக்காரர் வாசித்துச் சொல்லிவிட்டார். மாமியார் இருளாயி மானாவாரிக் காட்டில் கடலை போட்டு, மழை கூடி அழுகியதைப் பார்த்தவள்.

“தண்ணி நிக்கிற காட்டுல வெத அழுகித்தான போகும்? எம் மகன் எம்புட்டு நாளைக்குக் காத்துக் கெடப்பான்?”

ஊரே நம்பியது. நாலு பேரைக் கூட்டி உறவைத் தீர்த்துவிட்டு, புருஷன் அழகுபாண்டிக்கு வேறொருத்தியைக் கட்டிவைத்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே நாகஜோதி அந்தத் தாளை டாக்டர் மீனலோசனியிடம் நீட்டினாள்.

“தண்ணி காட்டுக்குள்ள இல்லம்மா, வரப்புக்கு வெளியே நிக்குது” என்றார் டாக்டர். “கருமுட்டை வெடிக்கிற சமயத்துல இந்தக் கொஞ்ச நீர் யாருக்கும் வரும், தானா வத்திடும். நிறைய இருந்தாலோ, வலி, காய்ச்சல் இருந்தாலோ, நாள் தள்ளிப்போயிருந்தாலோதான் உடனே பார்க்கணும்.”

நாகஜோதி அழவில்லை. “ஒரு நாளைக்கு அந்த வீட்டாளுக இங்க வருவாக, வரட்டும்” என்றாள். அந்தக் குரலுக்கு நானே பயந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மகனையும் புது மருமகளையும் கூட்டிக்கொண்டு இருளாயி வந்தாள். நாகஜோதியைக் கண்டதும் அழகுபாண்டி செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். இரண்டாவது பெண்ணுக்கும் ஐந்து வருடமாகப் பிள்ளை இல்லை. ஸ்கேன் அறையில் டாக்டர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். அதே வரி. கூட நின்ற இருளாயி ஃப்ளூயிட் என்ற சொல்லை மறந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் மருமகளை முறைத்தாள்.

“இவளுக்கும் தண்ணியா?”

அந்தப் பெண் சுவரோரம் ஒதுங்கினாள். நாகஜோதி சும்மா இருந்தாலே போதும், அவள் இடத்துக்கு வந்தவளும் தெருவுக்கு வருவாள். அப்படியே சும்மா இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. நாகஜோதி எழுந்து போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்தாள்.

“பயப்படாத தங்கச்சி, இது ஒரு நோவுமில்ல. எனக்கும் இதேதான் இருந்துச்சு.”

பிறகு மூவரையும் டாக்டர் உள்ளே அழைத்து, காடும் வரப்பும் சொல்லிப் புரியவைத்தார். அடுத்த டெஸ்ட் அழகுபாண்டிக்கு என்றும் எழுதிக்கொடுத்தார்.

ஹால் நிறைய ஆட்கள். எப்போதும் மெல்லக் கூப்பிடுகிற நாகஜோதி அன்று சுவர் அதிரக் கூப்பிட்டாள்.

“அழகுபாண்டி! உசிலம்பட்டி அழகுபாண்டி!”

அவன் வந்து நின்றான். மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை மேஜைமேல் வைத்து, பாத்ரூம் பக்கம் கை காட்டினாள். அவன் பின்னாலேயே எழுந்த இருளாயியைப் பார்த்துச் சொன்னாள்.

“நீங்க உக்காருங்கத்தே. ரெண்டு காட்டையும் பாத்தாச்சு. இனி வெதையப் பாப்பம்.”