ஒற்றைப் படிகம்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே நாலு சொட்டு எண்ணெய், அதில் எள்ளளவு மஞ்சள் படிகங்கள் மூன்று. மேலே ஒட்டிய தாளில் கரமனைக்காரியின் கையெழுத்து. திருவனந்தபுரத்தில் நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது அதே ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் இளையவள்; ஊரிலேயே கரமனையில் வீடு.

அவள் ஆராய்ந்த ஷிஃப் காரம் என்பது ஆல்டிஹைடும் அமீனும் ஒரு நீர் மூலக்கூறை உதறிவிட்டுச் சேர்வது. சேர்ப்பது சுலபம், கலக்கினால் மஞ்சள் தூளாக விழுந்துவிடும். அதைப் படிகமாக வளர்ப்பதுதான் பெரும்பாடு. ஆல்கஹாலில் கரைத்து, மேலே அலுமினியத் தாள் மூடி, ஊசியால் துளையிட்டு, ஆள் தொடாத அலமாரியில் வைக்க வேண்டும். அவள் மூன்று துளைக்கு மேல் போடமாட்டாள். அலமாரிப் பக்கம் யாராவது நாற்காலியை இழுத்தால் முறைப்பாள். அவளுடைய சேர்மத்தில் ஒரு ஹைட்ரஜன் ஆக்சிஜனை ஒட்டி நிற்கிறதா, நைட்ரஜனை ஒட்டியா என்பதே கேள்வி. ஆக்சிஜன்தான் என்று அடித்துச் சொல்வாள். அதை நிரூபித்துக் கட்டுரை வந்தால்தான் முடியப்போகிற உதவித்தொகை நீளும்.

எக்ஸ்கதிர்க் கருவி வேறொரு நிறுவனத்தில் இருந்தது. மாதம் ஒருமுறை எங்களிடமிருந்து ஒரே ஒரு படிகம் போகும். தன் படிகத்தைத் தானே தேறியது என்று சொல்லக் கூடாது, இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார் பேராசிரியர்.

“அண்ணா, இதொண்ணு பாருங்கோ. நாலு மாசமாக் காத்துண்டிருந்ததாக்கும்” என்று அவள் வந்த அன்று, அனுப்புவதற்கு என் படிகமும் தயாராக இருந்தது. துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்துத் தட்டைத் திருப்பினேன்; திருப்பத் திருப்பப் படிகம் இருண்டும் ஒளிர்ந்தும் காட்டும். இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்திருந்தால் பாதி இருளும்போது பாதி ஒளிரும்; அதைத்தான் ட்வின் என்போம். இது முழுவதும் ஒரே கணத்தில் இருண்டது, முழுவதும் ஒரே கணத்தில் ஒளிர்ந்தது. இத்தனை சுத்தமான ஒற்றைப் படிகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“ட்வின்னாக்கும். கொள்ளாது, அனுப்ப முடியாது” என்றேன்.

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “செரி அண்ணா, வேறொண்ணு வளர்த்துப் பாக்கறேன்” என்று குப்பியை மூடினாள். என் படிகம் போனது. அடுத்து அவள் வளர்த்ததெல்லாம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் களிம்பாகிப் போனது. உதவித்தொகை முடிந்து, பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள். நான் முனைவரானேன்.

பல வருடம் கழித்து, போன மாதம் அந்த ஆய்வகத்தை இடம் மாற்றும்போது அவள் விட்டுப்போன குப்பி கிடைத்தது. ஒரு படிகத்தை எடுத்து எக்ஸ்கதிரில் அளக்கக் கொடுத்தேன். ஹைட்ரஜன் ஆக்சிஜனை ஒட்டித்தான் நின்றது. அணுக்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் படத்தையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கரமனைக்குப் போனேன்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பாப் போச்சு. அது ட்வின் இல்ல” என்று ஆரம்பித்தேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆக்சிஜன் மேல் விரலை வைத்துச் சிரித்தாள்.

“அதுக்கென்ன அண்ணா, கண்ணுன்னா பிசகத்தான் செய்யும். வேணும்னுட்டா செஞ்சேள்?”

அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். கிளம்பும்போது படத்தை அவள் வைத்துக்கொண்டு குப்பியை என் கையில் திருப்பித் தந்தாள். அதில் இப்போதும் மூன்று படிகங்கள் மிச்சம். ஒன்றைக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.