எல்.கே.ஜி. வகுப்பில் வண்டித் தகராறு

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மகளையும் ராஜபாளையத்திலேயே எல்.கே.ஜி. சேர்த்திருந்தேன். தினமும் ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வருவாள்.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன். யாரையாவது அடித்துவிட்டாளா என்று கேட்டேன். அடிக்கவில்லை, நீங்களே வந்து பாருங்கள் என்றார் டீச்சர்.

ஜன்னலுக்கு வெளியே என்னை நிறுத்தினார். உள்ளே பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். ஒரு பையன் என் மகள்மேல் லேசாக உரசிவிட்டான். அவள் நின்றாள். காலால் ஸ்டாண்டைத் தட்டினாள். இல்லாத ஹெல்மெட்டைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அம்மா டாட்டாகூடக் காட்டினாள் என்றான் அவன். மகள் விடவில்லை. லைசென்ஸ் கேட்டாள். அவன் கழுத்திலிருந்த டையைக் கழற்றிக் கொடுத்தான். பின்னால் எட்டுப் பேர் வரிசையாக நின்று வாயால் ஹாரன் அடித்தார்கள்.

இரண்டு வாரமாக இதுதான் நடக்கிறது, இறங்கிச் சண்டை போடுவதற்காகவே இடிக்கிறார்கள் என்றார் டீச்சர். டி.வி. பார்த்துக் கெட்டுப்போகிறார்கள் என்றேன். அவர் என் முழங்கையைப் பார்த்தார். ஹெல்மெட் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவமானமாகிவிட்டது. இனி ரோட்டில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். நாலாம் நாள் ஒரு டவுன் பஸ் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தாளோ என்னவோ, ஹேண்டில்பாரைப் பிடித்து எக்கி நின்று அவளே டிரைவரைக் கேட்டாள்.

"கண்ண எங்கலே வச்சிருக்க?"

டிரைவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"தப்புதான் தாயி," என்று சொல்லி பஸ்ஸை ஒடித்து வழிவிட்டார்.

பதினெட்டு வருடமாக அந்த ரோட்டில் கத்தியிருக்கிறேன். என்னிடம் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. அவளைக் கண்டிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எனக்குத் தெரிந்த கண்டிப்பெல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது.

பள்ளி வாசலில் இறங்கியவள், இனிமேல் அப்பா ஓட்டினால் மட்டும் போதும், மற்றதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரத்திலிருந்து இருவரும் பஸ்ஸில் போகிறோம். ஜன்னலோர சீட்டில் நான்தான் உட்காருகிறேன்.