கேட் இல்லாத ஷெட்

என் வீட்டுக்காரர் லீவில் வந்தால் முதல் இரண்டு நாள் விருந்தாளி. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. மிளகாய்த்தூள் டப்பா, மஞ்சள்தூள் டப்பா எல்லாம் உயரப்படி நிற்கும். செருப்புகள் வாசல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஒரே கோட்டில் இருக்கும். போர்வையை அவர் மடித்து வைத்துவிட்டால் அதைக் கலைத்துப் படுக்கவே நமக்குத் தயக்கமாக இருக்கும். பட்டாளத்தில் ஹவில்தார். அங்கே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பழகிய கை இங்கே வந்து டப்பாக்களை நிறுத்துகிறது என்று விட்டுவிடுவேன். எப்படியும் லீவு முடிந்து போனதும் எல்லாவற்றையும் பழையபடி கலைத்துக்கொள்ளலாம்.

ஆனால் போன வருஷம் அந்தக் கை எங்கள் தையல் ஷெட்டுக்குள் வந்தது. அதைத்தான் என்னால் விட்டுவிட முடியவில்லை.

ஷெட் அவருடைய யோசனைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர் ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் இருக்கிறது. தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருப்பார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு கேட்டில் நிற்பார்கள். ஷூ கம்பெனி கேட், காலேஜ் கேட், ஆஸ்பத்திரி கேட். நீலச் சட்டையும் விசிலும் போட்டுக்கொண்டு வண்டிகளுக்குக் கேட் திறந்துவிடுவார்கள். அந்த வேலையைப் பற்றி எனக்கு இளக்காரம் கிடையாது. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இவருக்கு மட்டும் அதைப் பார்த்தாலே முகம் சுண்டிவிடும்.

"இத்தினி வர்ஷம் பார்டர்ல நின்னுட்டு, அப்பால வந்து எவன் காருக்கோ சலாம் போடணுமா? செத்தாலும் கேட்ல மட்டும் நிக்க மாட்டேன்" என்பார்.

அதனால் பென்ஷனுக்கு நாலு வருஷம் இருக்கும்போதே தொழில் ஆரம்பிக்க வேண்டும் என்று துடித்தார். சர்வீஸில் இருப்பவர் தன் பேரில் தொழில் நடத்த முடியாது. எனவே எல்லாவற்றையும் என் பேரில் எழுதினார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கைத்தையல் போட்டவள். வேலை எனக்குத் தெரியும், கம்பெனியில் ஆட்களையும் தெரியும்.

"பேருக்குத்தான் நீ. நான் வந்ததும் எல்லாம் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் வரும்வரை யார் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு, நாலாவது பக்கம் நீலத் தார்ப்பாய் தொங்கவிட்டேன். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கும் தோலை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவருவேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். அதன் முன்பக்கத்தை இரண்டு ஊசி போட்டு மெழுகு நூலில் கையால் தைக்க வேண்டும். பக்கத்துத் தெருக்களிலிருந்து ஆறு பெண்கள் வந்து தைத்தார்கள். சமையலை முடித்துவிட்டு வருவார்கள், செல்போனில் பாட்டுப் போட்டுக்கொள்வார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். தையல் மட்டும் ஒரு மயிரிழை தப்பாது.

அவரோ எங்கோ ராஜஸ்தான் மணலில் உட்கார்ந்துகொண்டு தினமும் போன் செய்வார். தையல் எப்படிப் போகிறது என்று கேட்கவே மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கேட் போட்டியா?"

"இன்னும் போடலீங்க."

"இன்னா நீ, தார்ப்பாயத் தூக்கிட்டு யார் வேணா உள்ள வர்லாம். மொதல்ல கேட் போடு."

லைட் போட்டேன், ஃபேன் போட்டேன், பெண்களுக்கு ஒரு பாத்ரூம் கட்டினேன். கேட் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. அங்கே என்ன தங்கமா இருக்கிறது?

போன வருஷம் அவர் லீவில் வந்தபோது கையில் ஒரு முடிவும் வைத்திருந்தார். விரும்பினால் சர்வீஸில் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கொள்ளலாம். லீவு முடிந்து போனதும் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். "வாணாம்னு சொல்லிடப் போறேன். நம்ம ஷெட் இருக்கு இல்ல" என்றார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினாறு வருஷக் கல்யாணம். அவர் லீவை எல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறுமோ என்னவோ. எங்கள் பெண்ணுக்குக் காது குத்தியதையும் அவர் போட்டோவில்தான் பார்த்தார். வந்துவிடட்டும், போதும் என்று இருந்தது. அதே நேரம், வந்து என் ஷெட்டில் உட்கார்ந்துவிடுவாரே என்ற நினைப்பும் வந்தது. இரண்டு நினைப்பும் மாறி மாறிக் குடைந்தன.

பயந்தது போலவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்தார். ஊசிகளை நீளப்படி அடுக்கினார். பாட்டு நின்றது. யார் எப்போது வந்தார்கள் என்று கேள்வி வந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள். வாய் ஓடாமல் கை ஓடவில்லை, வேலை கம்மியானதுதான் மிச்சம். ஒருத்தி என் காதோரம் வந்து, "அக்கா, மிலிட்டரி எப்ப ஊருக்குப் போறாரு?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். உள்ளே எனக்கும் அதே கேள்விதான்.

அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது, அதுதான் விஷயம். விடியும் முன்பே எழுந்து தெருவில் ஓடுவார். வந்து கிணற்றடியைக் கழுவுவார். தைக்கத் தெரியாது, தோல் பார்க்கத் தெரியாது, ஆனால் ஏதாவது செய்தாக வேண்டும். கூண்டில் விட்ட மாதிரி ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கால் தரிக்கவில்லை.

ஒருநாள் தெருவில் ஒரு சாவு. பெண்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். நான் நூல் வாங்க ஆம்பூர் போனேன். மறுநாள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய அப்பர் எல்லாம் தைத்து முடித்து ஷெட்டில் குவித்திருந்தது. நூபக் தோல். அதாவது, தோலின் மேற்புறத்தை லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்துவிடுவார்கள். கன்றுக்குட்டியின் காதைத் தடவுகிற மாதிரி இருக்கும். பார்க்க மங்கலாகத்தான் தெரியும். அந்த மங்கலுக்குத்தான் வெளிநாட்டுக்காரன் ஜாஸ்தி விலை கொடுக்கிறான்.

மதியம் திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே பளபளவென்று இருந்தது.

அப்பர்கள் எல்லாம் தரையில் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. முகம் பார்க்கலாம், அப்படியொரு மினுக்கு. பக்கத்தில் காலியான பிரவுன் பாலிஷ் டப்பா, பிரஷ், என் பழைய காட்டன் புடவைத் துண்டு. அவர் பனியனோடு, வியர்த்துக் கொட்ட, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் என்ன ஒரு நிறைவு! பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"தூசி புடிச்சி மங்கிப் போய்க் கெடந்துது. காலையிலேர்ந்து ஒக்காந்து எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டேன்" என்றார்.

ஒன்றை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். பாலிஷ் தோலுக்குள் இறங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து 'ங்க' போட்டுப் பேசிய வாய் அன்றைக்குத்தான் மாறியது.

"இன்னா பண்ணி வச்சிருக்க நீ? உன்ன யார் இதத் தொடச் சொன்னா? எல்லாம் நாசமாப் போச்சு!"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். சாயந்திரம் வரைக்கும் அழிரப்பர் வைத்துத் தேய்த்தோம், உப்புத்தாள் போட்டோம், தவிடு தடவினோம். தேய்க்கத் தேய்க்கத் திட்டுத் திட்டாகப் போனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆம்பூருக்கு, "நானும் வர்றேன், என் தப்பு, நானே சொல்றேன்" என்று கிளம்பினார். கம்பெனி கேட் வரைக்கும் நன்றாகத்தான் வந்தார். அங்கே நீலச் சட்டையில் நின்றவர் பக்கத்து ஊர்க்காரர், பட்டாளத்தில் இவருக்குச் சீனியர், சுபேதாராக ரிட்டயர் ஆனவர். இவரைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"அட, வாப்பா! எப்ப பென்ஷன்? வந்ததும் என்னாண்ட சொல்லு. இங்க ஒரு எடம் காலியாவுது, நான் பேசி வைக்கிறேன்" என்று தோளைத் தட்டினார். அன்பாகத்தான் சொன்னார்.

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமும் இல்லை. "நீ போய்ட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றார். நான் மட்டும் பண்டில்களோடு உள்ளே போனேன்.

குவாலிட்டி பார்க்கும் பாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "இன்னாமா இது? நூபக்குக்குப் பாலிஷா? யாரு பண்ணது?" என்றார். என் வீட்டுக்காரர் மிலிட்டரி என்றேன். அவ்வளவுதான், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பக்கத்து டேபிள்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது. தோலுக்கு உண்டானதை என் கூலியில் பிடித்துக்கொள்வோம், இனிமேல் நூபக் உனக்குக் கிடையாது என்றார். நான் நகரவில்லை. நூபக் வேண்டாம், சாதாத் தோல் கொடுங்கள், என் பெண்கள் தையலில் இதுவரை ஒரு குறை சொல்லியிருப்பீர்களா என்று கேட்டேன். தையல் நன்றாக இருப்பது அந்த நாசமான அப்பரிலேயே தெரிந்தது. நான் ரொம்ப நேரம் நின்ற பிறகு, "சரி, ஒரு பண்டில் எடுத்துனு போ. இதுவும் பேஜார் ஆச்சுன்னா இந்தப் பக்கமே வராத" என்றார்.

அந்த ஒரு பண்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். கேட்டருகில் சுபேதார் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர்தான் எழுந்துபோய் கேட்டைத் தள்ளித் திறந்தார். லாரி உள்ளே வந்ததும் மூடிக் கொக்கி போட்டார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொன்னார், "எக்ஸ்டென்ஷன் எழுதிக் குடுத்துடறேன். ரெண்டு வர்ஷம் போவட்டும்."

மனசுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த நாள் அவர் ஷெட் பக்கம் வரவில்லை. மறுபடி பாட்டுப் போட்டார்கள், பண்டில் சீக்கிரம் முடிந்தது, பாயும் அடுத்த பண்டில் கொடுத்தார். எல்லாம் நான் ஆசைப்பட்டபடிதான். ஆனால் அவர் டப்பாக்களை அடுக்குவதையும் நிறுத்திவிட்டார். செருப்புகள் கண்டபடி கிடந்தன. வீடு அப்படி இருந்தது எனக்குப் பிடிக்கவே இல்லை.

லீவு முடிந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். சென்னை போய் அங்கிருந்து வடக்கே போகும் வண்டி பிடிக்க வேண்டும். பெட்டியை வைத்துவிட்டு நின்றவரின் காலைத் தற்செயலாகப் பார்த்தேன். ஷூவெல்லாம் ஊர்ப் புழுதி. இத்தனை வருஷத்தில் அவர் காலில் அப்படி ஒரு ஷூவை நான் பார்த்ததே இல்லை.

"பாலிஷ் போடலீங்களா?"

"மனசு வரல" என்றார்.

அந்த மனுஷனுக்குத் தெரிந்த ஒரே தோல் வேலை அதுதான். அதை அன்றைக்கு எனக்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்து செய்தார்.

"எக்ஸ்டென்ஷன் எழுதாதீங்க. வந்துடுங்க" என்றேன்.

"வந்து இன்னா பண்றது? உன் ஷெட்ல எனக்கு இன்னா வேல கீது? போய்க் கேட்லதான் நிக்கணும்."

நம்ம ஷெட் என்றே மூன்று வருஷமாகச் சொன்னவர். என் ஷெட் என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஷெட்டுக்கு இன்னும் கேட்டே இல்ல. மூணு வர்ஷமா கேட் கேட்னு கத்துனீங்க இல்ல, வந்து போடுங்க. அப்பால வண்டி எடுத்துனு போய் பண்டில் எடுத்துனு வாங்க. என்னால மடியில வச்சி மாள முடியல. தையல்ல மட்டும் கைய வெக்காதீங்க."

அதற்குள் வண்டி வந்தது, ஏறினார், போய்விட்டார். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தேன். சொன்னது சரியா, அவசரப்பட்டுவிட்டேனா என்று மனசு ஒரு நிலையில் இல்லை. வந்துவிட்டால் என்ன ஆகும்? வராவிட்டால்? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிகொண்டா தாண்டும்போது அடித்தது. பின்னால் அரக்கோணம் ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது.

"இந்தா, ஷெட் வாசல்ல கேட் எத்தினி அடி வேணும்? ஆறடி போதுமா?"

"பத்தடி" என்றேன். "லோடு ஆட்டோ உள்ள வரணும்."



"சரி, பத்தடி" என்றார்.