பாக்குக் கறை
எண்பத்தொன்பதில் தர்மபுரியில், சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். சோதித்த கிணறுகளின் ஆழம், உப்பு, ஃப்ளோரைடு அளவுகளைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பேன். நரம்பு வலை என்று அவர் சொன்ன நிரல் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டு, சோதிக்காத கிணற்றின் ஃப்ளோரைடைக் கணிக்கும். அது மிகுந்த தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல் பழுப்பாகும்.

வாயைக் கையால் மூடித்தான் அவரிடம் பேசுவேன். ஒருநாள் என் பழுப்புப் பல்லைப் பார்த்துவிட்டார். பாக்குக் கறை என்றேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எங்கள் ஊரே சொல்லும் பொய் அது. "அவங்க போற வரைக்கும் சிரிச்சுத் தொலைக்காத" என்பாள் அம்மா.

பாப்பாரப்பட்டிப் பக்கத்து எங்கள் ஊர் போர் பைப்பின் விவரத்தைக் கொடுத்த அன்று, தண்ணீர் நல்லது என்றது கம்ப்யூட்டர். அது கற்ற கிணறுகளில் எங்கள் பக்கத்துக் கிணறு ஒன்றுகூட இல்லை.

"குடுத்து வெச்ச ஊரும்மா. அங்க போய் டெஸ்ட் பண்ண வேண்டாம்" என்றார்.

கொடுத்து வைத்த ஊராம்! வாய்க்குப் போன கையை இறக்கினேன்.

"நான் பாக்கே போட்டதில்லைங்க சார். எங்கூருல பால்பல்லு வுழுந்த கொழந்தைக்கும் இப்படித்தாங்க மொளைக்குது."

முகம் எரிந்தது. அவர் பார்த்து முடிக்கும் வரை வாயை மூடவில்லை.