வௌவாலுக்காகப் பேசியவள்

வெள்ளவத்தையில் நான்காம் ஆண்டுக்குப் படிப்பித்த காலம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மதுரா, வகுப்பில் வாயே திறப்பதில்லை. “வீட்டில நல்லாக் கதைப்பாள் டீச்சர், இங்கதான் பயப்பிடுறாள்” என்று தாய் வந்து கண் கலங்கினார்.

விலங்குகளை வகைப்படுத்தும் பாடத்துக்காக ஆளுக்கொரு விலங்கைக் கொடுத்து, அதைப் பற்றித் தேடி அறிந்து வரச் சொன்னேன். மதுராவுக்குக் கிடைத்தது வௌவால். அவள் வரைந்த படத்தைப் பலகையில் ஒட்டி, அவளுக்காக நானே விளக்கத் தொடங்கினேன்.

அதற்குள் இமாத் என்ற மாணவன், “சிறகு இருக்குத்தானே டீச்சர், அது பறவை” என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

“இல்லை.”

மதுராவின் குரல். எல்லோரும் திரும்பினோம்.

“அது முட்டை இடாது. குட்டி போட்டுப் பால் குடுக்கும். எங்கட பல்கனியில நிண்டு பார்த்தனான். தாய் பறக்கேக்க குட்டி நெஞ்சில ஒட்டிக்கொண்டிருக்கும்.”

“விழாதா?” என்று கேட்டான் இமாத்.

“விழாது. இறுக்கிப் பிடிச்சிருக்கும்.”

பிறகு கேள்விகள் நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுக் கல்கிசையில் இருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குத் தைரியம் போதாது என்றுதான் அந்த வௌவால் பாடம்வரை நினைத்திருந்தேன். சொல்வதற்கென்று அவளுக்கு ஒன்று கிடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.